மூன்றாம் இலக்கக் குழாய் மீதான விசாரணை

ஊருக்கு உழைப்பவனின் வலது கையை இந்த வையகம் வணங்க வேண்டும். அது ஒருபோதும் சும்மா இருப்பதில்லை. சும்மா இருந்திருந்தால், தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், வன்னியின் அக்கராயனில் ஐயாயிரம் லீற்றர் குடிதண்ணீர் புழுதியோடு புழுதியாகப் போயிருக்காது என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தண்ணீர் போயிருக்காவிட்டால், குழாயே இல்லாத கொட்டில்களில் வாழும் முப்பத்திரண்டு பேர் சான்றிதழ் பெற்ற குழாய் வல்லுநர்களாக உயர்ந்திருக்கவும் மாட்டார்கள். நாடு முன்னேறுவது இப்படித்தான்.

அந்த வலது கை செல்வநாயகத்தாருடையது. போரால் இடம்பெயர்ந்து வந்து, தறப்பாளும் கிடுகும் கொண்டு கொட்டில் போட்டுக் குடியிருந்த அறுபது குடும்பங்களின் 'நீர்ப் பாவனையாளர் சங்க'த்துக்கு அவர்தான் செயலாளர். கூட்ட அறிக்கைக் கொப்பி அவரிடம் இருந்தது. சங்கத்தின் முத்திரையும் அவரிடமே இருந்தது. மை கிடைக்காத காலமாகையால் நாவற்பழச் சாற்றில் தொட்டுக் குத்தினார்.

சங்கத்துக்கு இருந்த சொத்து ஒன்றே ஒன்று. சீமெந்து மேடையில் ஏற்றிவைத்த கறுப்புத் தண்ணீர்த் தாங்கி. கிழமைக்கு இரண்டு தரம் தண்ணீர் லொறியான பவுசர் வந்து நிரப்பிவிட்டுப் போகும். அடியில் நாலு குழாய். அவற்றுக்கு 01, 02, 03, 04 என்று செல்வநாயகத்தார் தன் கையாலேயே வெள்ளைப் பூச்சால் இலக்கமிட்டிருந்தார். சனங்கள் 'வேம்படிப் பைப்', 'றோட்டுப் பைப்' என்றே சொல்லித் திரிந்தார்கள். அது சனங்களின் குறை.

அந்தச் செவ்வாய் காலை ஆறு மணிக்கு 03 சொட்டியது.

ஒழுங்கு தெரிந்த மனிதன் இதைப் பார்த்துக்கொண்டு நிற்பானா? செல்வநாயகத்தார் பிடியை இறுக்கினார். சொட்டியது. இன்னும் இறுக்கினார். முன்னையிலும் வேகமாகச் சொட்டியது. கூட்டத்தில் கேள்வி கேட்கிறவனைக் கொஞ்சம் இறுக்கினால் அடங்கிவிடுவான் என்பது அவருடைய நீண்டகால அனுபவம். அந்த அனுபவத்தை நம்பி, சைக்கிள் பையில் கிடந்த ஸ்பானரை எடுத்துக் கொளுவி, ஒரு காலை மேடையில் ஊன்றி ஓர் இழுவை இழுத்தார்.

03 அடங்கியது. அதன் தலை ஸ்பானரோடு அவர் கைக்கு வந்துவிட்டது.

தண்ணீர் அவருடைய நெஞ்சில் அறைந்தது. உள்ளங்கையால் பொத்தினார். அது விரலிடுக்கால் புறப்பட்டுச் சட்டைக் கைக்குள் புகுந்து, கழுத்தால் வெளியே வந்தது. "தண்ணி! தண்ணி!" என்று கத்தினார். அறுபது கொட்டில்களுக்கும் கேட்டது. பவுசர் வந்துவிட்டது என்று விளங்கிக்கொண்ட அறுபது குடும்பங்களும் குடம், வாளி, கான்களோடு எதிர்ப்பக்கமாக றோட்டுக்கு ஓடிப்போய் வரிசையில் நின்றன.

தாங்கிப் பக்கம் ஓடிவந்தவர் ஒரே ஒருவர். தாங்கிக் காவலாளி வீரையா. எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடிபட்டு வன்னிக்கு வந்தவர். இருபது வருசமாக வன்னியில் இருந்தும் இன்னும் 'வந்தவர்' என்றே அழைக்கப்பட்டவர். அவர் மேடைக்குக் கீழே குனிந்து ஒரு சின்ன இரும்புச் சக்கரத்தைத் திருகினார். தண்ணீர் நின்றது. அதற்குள் தாங்கியின் முக்கால்வாசி போய்விட்டிருந்தது.

அந்தச் சக்கரத்தில்தான் செல்வநாயகத்தார் இரண்டு வருசமாகத் தன் பையைக் கொளுவி வந்தார். அதற்கு வேறும் ஒரு தொழில் உண்டு என்பது அன்றுதான் அவருக்குத் தெரியவந்தது.

"இதை ஒருக்காப் பிடியும் வீரையா," என்று குழாய்த் தலையையும் ஸ்பானரையும் அவரிடம் நீட்டிவிட்டு, சட்டையைக் கழற்றிப் பிழியத் தொடங்கினார்.

சரித்திரத்தில் பல தீர்ப்புகள் ஒரு கணத்தில் எழுதப்பட்டுவிடுகின்றன. பவுசரைக் காணாமல் திரும்பிய சனம் வந்து பார்த்தது அந்தக் கணத்தைத்தான்: வீரையா கையில் உடைந்த குழாய், மற்றக் கையில் ஸ்பானர், பக்கத்தில் நனைந்த கோழிபோலச் செயலாளர்.

"ஐயோ, செக்கிரட்டரியார் தனிய நிண்டு மறிச்சிருக்கிறார், பாவம்!" என்றது ஒரு குரல்.

சங்கத் தலைவர் வீரகத்தியார் முன்னுக்கு வந்தார். "வீரையா! என்ன வேலை பாத்தனீ?"

வீரையா செல்வநாயகத்தாரைப் பார்த்தார். செல்வநாயகத்தார் தாங்கியில் எழுதியிருந்த கொள்ளளவை மிகுந்த கவனத்தோடு வாசித்துக்கொண்டிருந்தார்.

"பைப்பு ஒடஞ்சு போச்சுங்க ஐயா," என்றார் வீரையா.

எவ்வளவு நாகரிகமான வசனம்! உடைத்தவன் என்று ஒருவனே அதில் இல்லை. பதினைந்து வருசம் பல சங்கங்களுக்குக் கூட்ட அறிக்கை எழுதிய செல்வநாயகத்தாருக்கே அது வாய்த்ததில்லை. அன்று மத்தியானம் கொப்பியில் அவர் எழுதினார்: '03ஆம் இலக்கக் குழாய் உடைவுக்குள்ளாகியது.' பொய் ஒன்றும் எழுதவில்லை. அவர் வாழ்நாளில் பொய் எழுதியதில்லை. எழுதாமல் விடுவார், அவ்வளவுதான்.

இதில் வீரையாவுக்கு என்ன போயிற்று என்று கேட்பீர்கள். காவல் வேலைக்குச் சம்பளம் கிடையாது. தாங்கிக்குப் பின்னால் ஒரு கொட்டிலும், சனம் தண்ணீர் அள்ளும்போது சிந்துகிற கழிவுத் தண்ணீரும்தான் கூலி. அந்தக் கழிவை ஒரு வாய்க்கால் வெட்டி இறக்கி, அவருடைய மனைவி கமலேஸ்வரி எட்டுப் பாத்தி கீரை போட்டிருந்தா. அந்தக் கீரையில்தான் அந்த வீட்டு அடுப்பு எரிந்தது. வீரகத்தியாரோ அந்த இடத்திலேயே அறிவித்தார்: ஞாயிற்றுக்கிழமை விசாரணை, குற்றம் நிரூபிக்கப்பட்டால் காவலாளி மாற்றம், கொட்டிலும் பாத்தியும் புதுக் காவலாளிக்கு. அதுவரைக்கும் தாங்கி பூட்டு.

"மிச்ச மூண்டு பைப்பும் நல்லாத்தானே கிடக்கு? அதை ஏன் பூட்டுறியள்?" என்று கேட்டா யூலிற்றா. கொக்கிளாய்க் கரையிலிருந்து கடலை விட்டுவிட்டு வந்து, இப்போது குளத்து மீன் விற்கிறவ. தொண்டையை மட்டும் அவ கடற்கரையில் விட்டுவிட்டு வரவில்லை.

"தடயம் கலைஞ்சு போகும், யூலிற்றா."

"அப்ப அந்தத் தடயத்தைத்தான் குடிக்கிறதே?"

"கட்டையொண்ணு சீவி, சைக்கிள் டியூப்பச் சுத்தி அந்த ஓட்டைய அடைச்சிட்டா மத்த மூணும் ஓடுமுங்க," என்றார் வீரையா.

"விசாரணைக்குட்பட்ட ஆள் தடயத்தில கை வைக்கக் கூடாது," என்றார் வீரகத்தியார். இப்படியாக, ஒரு குழாய் உடைந்ததால் நாலு குழாய்கள் நின்றன. பெண்கள் அரை மைல் தள்ளியிருந்த பள்ளிக்கூடக் கிணற்றுக்கு நடந்தார்கள். போகும்போதும் வரும்போதும் வீரையாவின் கொட்டிலைப் பார்த்துத் தங்கள் மனதிலிருந்ததைச் சொன்னார்கள். கமலேஸ்வரி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தா.

தண்ணீர்த் தாங்கியைத் தந்த தொண்டு நிறுவனத்துக்குச் செல்வநாயகத்தார் நாவற்பழ முத்திரையோடு கடிதம் எழுதினார். மறுநாளே பதில் வந்தது. குழாய் தருவதற்கில்லை, இரும்பும் பித்தளையும் இராணுவச் சோதனைச் சாவடி தாண்டி வருவதற்கு அனுமதி எடுக்க ஆறு மாதமாகும். ஆனால் அறிவுக்குத் தடையில்லை. ஆகவே வெள்ளியும் சனியும் 'ஆரம்ப நிலையினருக்கான அடிப்படை வீட்டுக் குழாய்ப் பராமரிப்பு' என்ற பயிற்சிப் பட்டறை நடைபெறும். மதியம் சாப்பாடும் முடிவில் சான்றிதழும் உண்டு.

சாப்பாடு என்றதும் அறிவுத் தாகம் குடியிருப்பெங்கும் பரவியது. முப்பத்திரண்டு பேர் பதிந்தார்கள். வீரையாவும் வந்து நின்றார். விசாரணைக்குட்பட்டவர் ஆகையால் பங்குபற்ற அருகதையில்லை என்று வீரகத்தியார் விளங்கப்படுத்தினார். ஆனாலும் சங்கம் அவரை ஒதுக்கிவைக்கவில்லை. பட்டறைத் தேநீருக்குப் பள்ளிக்கூடக் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமக்கும் பொறுப்பை அவருக்கே வழங்கியது.

பட்டறையை நடத்தும் வளவாளர் அல்பேர்ட் மாஸ்டர் மண்ணெண்ணெய்ப் புகை கக்கும் மோட்டார் சைக்கிளில் வந்திறங்கினார். நல்ல பிள்ளை. கையில் எங்கேயோ ஒரு குளிர்நாட்டில் எழுதி, கொழும்பில் தமிழாக்கிய கைநூல்.

"முதலாம் படி," என்று வாசித்தார். "வீட்டின் பிரதான வால்வைக் கண்டுபிடித்தல். இது பொதுவாக நிலவறையில் காணப்படும்."

"நிலவறை எண்டால் என்ன மாஸ்டர்?" என்றா யூலிற்றா.

"வீட்டுக்குக் கீழ, நிலத்துக்குள்ள இருக்கிற அறை."

"பங்கரே?"

அல்பேர்ட் மாஸ்டர் கைநூலைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார். "ஓம்... கிட்டத்தட்ட."

முப்பத்திரண்டு பேரும் எழுதினார்கள்: 'பிரதான வால்வு பங்கருக்குள் இருக்கும்.' பின்வரிசையில் ஒருவர் எழும்பி, குண்டு விழும்போது பதுங்கும் தங்கள் பங்கருக்குள் போன மாரியில் பாம்பு இருந்ததைக் கண்டதாகவும் வால்வைக் காணவில்லையென்றும் சபைக்கு அறிவித்தார். அது செல்வநாயகத்தாரால் அறிக்கையில் பதியப்பட்டது.

"இரண்டாம் படி. சமையலறைத் தொட்டியில் இரண்டு குழாய்கள் இருக்கும். இடது பக்கத்தில் சுடுதண்ணீர்."

"சுடுதண்ணி பைப்பால வருமே! அதுக்கு விறகு ஆர் வைக்கிறது?" என்றா யூலிற்றா.

"அக்கா, அது கரண்டில."

"கரண்ட் எண்டால் எங்களுக்கும் தெரியும் மாஸ்டர். தொண்ணூறாம் ஆண்டுவரைக்கும் இருந்தது."

இவ்வாறு அறிவு வளர்ந்தது. பிறகு குழுச் செயற்பாடு. நாலு குழுக்கள் நாலு பெரிய தாள்களில் குழாய் வரைந்தன. ஒரு குழு வரைந்த குழாயிலிருந்து தண்ணீர் ஊற்றுவதுபோலவே இருந்தது, எல்லோரும் பாராட்டினார்கள். வாசலில் வீரையா இரண்டு கான்களை இறக்கிவைத்துவிட்டு, அந்தப் படத்தைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாசர எங்கேயும் வரையலையேங்க," என்றார் மெதுவாக.

"வெளியில நிக்கிற ஆக்கள் கருத்துச் சொல்லக் கூடாது," என்றார் வீரகத்தியார்.

ஆனால் அல்பேர்ட் மாஸ்டருக்கு அது காதில் விழுந்துவிட்டது. கைநூலை மூடி வைத்தார். இரண்டு நாளில் அவர் கைநூலில்லாமல் கதைத்தது அந்த ஒரு ஐந்து நிமிடம்தான்.

"மெய்தான். பைப் சொட்டினால் வாசர் தேஞ்சிட்டுது எண்டு அர்த்தம். உள்ளுக்குள்ள இருக்கிற றப்பர் வட்டம். வால்வைப் பூட்டிப்போட்டு, தலையைக் கழட்டி, அதை மாத்தினால் சரி. வாசர் இல்லாட்டி றப்பர்ச் செருப்பில வெட்டிப் போடலாம். ஆனால் ஒண்டு மட்டும் செய்யக் கூடாது. இறுக்கக் கூடாது. இறுக்க இறுக்க வாசர் இன்னும் சிதையும். ஸ்பானர் போட்டு இறுக்கினால் கழுத்து முறியும். உங்கட பைப்பை ஆரோ இறுக்கித்தான் முறிச்சிருக்கினம்."

செல்வநாயகத்தாரின் பேனை நின்றது. அந்த ஐந்து நிமிடத்தில் அடிப்படைக் குழாய்ப் பராமரிப்பை முழுமையாகக் கற்றுக்கொண்ட ஒரே மாணவர் அவர்தான்.

"மாஸ்டர்," என்றார் பேனையை மூடிக்கொண்டு, "ஒரு ஆள் நல்லெண்ணத்தோட இறுக்கினால்?"

"கைநூலில அதைப்பற்றி ஒண்டும் இல்லையே, சேர்."

அன்று பின்னேரம் அவர் வீரகத்தியாரோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். நெஞ்சுக்குள் ஏதோ சொட்டிக்கொண்டே இருந்தது. இறுக்கிப் பார்த்தார். கேட்கவில்லை.

"அண்ணை, வீரையா இல்லாமல் வேற ஆரும் அந்தப் பைப்பை இறுக்கியிருந்தால்?"

"வேற ஆர்? நீயே, நானே? நாங்கள் ஸ்பானர் பிடிக்கிற ஆக்களே?"

"இல்லை, ஒரு பேச்சுக்கு..."

"பேச்சை விடு. தீர்மானத்தை வடிவா எழுது. உன்ர எழுத்துக்குத்தான் நிறுவனத்தில மதிப்பு."

வீட்டுக்குப் போகும் வழியில் தாங்கியடியால் போனார். எட்டுப் பாத்தியில் ஐந்து காய்ந்து கிடந்தது. கமலேஸ்வரி அரிசி கழுவிய தண்ணீரைச் சிரட்டையால் அள்ளி, மிச்ச மூன்று பாத்திக்கும் கன்று கன்றாக விட்டுக்கொண்டிருந்தா. அவரைக் கண்டதும் எழும்பி, "வாங்க ஐயா, தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டா. அந்த வீட்டில் இருந்த தண்ணீரின் அளவு அவருக்குத் தெரியும். வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்து, அன்றிரவு சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பிவிட்டார். மனிதர் கெட்டவரில்லை. அதுதான் இந்தக் கதையின் பெரிய சிக்கல்.

ஞாயிற்றுக்கிழமை. நிகழ்ச்சி நிரலின்படி இறைவணக்கம், தலைமையுரை, சான்றிதழ் வழங்கல், அதன் பின் விசாரணை. முப்பத்திரண்டு வல்லுநர்களும் சான்றிதழை மடங்காமல் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். வீரையா முன்னால் நின்றார், கமலேஸ்வரி கொட்டகை வாசலில் நின்றா. கதிரை இருந்தது, உட்காரச் சொல்ல ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

"தீர்மானத்தைச் செயலாளர் வாசிப்பார்."

செல்வநாயகத்தார் எழும்பினார். தாளைப் பார்த்தார். தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"சபையோர்களே. குழாயானது அளவுக்கு மீறி இறுக்கப்பட்டதாக... அதாவது, இறுக்கப்பட்டமை தொடர்பில்... ஒரு பொறுப்புவாய்ந்த உத்தியோகத்தரால்..."

"விளங்கேல்லை! தமிழில சொல்லுங்கோ!" என்றா யூலிற்றா.

"நான்தான் இறுக்கினனான்," என்றார் செல்வநாயகத்தார். "நான்தான் முறிச்சனான். வீரையா தண்ணியை நிப்பாட்டத்தான் ஓடி வந்தவர். நான்தான் அவற்ற கையில குடுத்தனான்."

பதினைந்து வருசத்தில் எழுவாய் உள்ள வசனம் அவர் வாயிலிருந்து வந்தது அன்றுதான்.

வீரகத்தியார் மெல்ல எழும்பினார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன.

"பாத்தீங்களே சனங்களே!" என்றார். "பாத்தீங்களே ஒரு பெரிய மனிசனை! ஒரு ஏழையின்ர வயித்திலை அடிக்கக் கூடாது எண்டு, தான் செய்யாத பழியைத் தன்ர தலையில தூக்கி வைக்கிறார்! இப்பிடி ஒரு செயலாளர் எந்தச் சங்கத்துக்குக் கிடைக்கும்?"

முதலில் ஒரு மூலையில் கை தட்டியது. பிறகு கொட்டகை முழுவதும் தட்டியது. சான்றிதழ் வைத்திருந்தவர்கள் தொடையில் தட்டினார்கள். பொன்னாடை கிடைக்காத காலமாகையால், யாரோ ஒரு புதுத் துவாய்த் துண்டைக் கொண்டுவந்து செல்வநாயகத்தாரின் தோளில் போட்டார்கள். "இல்லை, மெய்யாத்தான்..." என்று அவர் தொடங்கியதை, "அடக்கத்தைப் பாருங்கோ!" என்ற குரல் விழுங்கிவிட்டது. கை தட்டல் நீண்டது. துவாய் கழுத்துக்கு இதமாக இருந்தது. அவர் உட்கார்ந்துகொண்டார்.

சபை ஏகமனதாகத் தீர்மானித்தது: செயலாளரின் பெருந்தன்மையை முன்னிட்டு வீரையா மன்னிக்கப்படுகிறார், காவல் வேலை தொடரலாம், இனிமேல் குழாய்களை இறுக்கமாட்டேன் என்று மன்னிப்புக் கடிதம் ஒன்றில் அவர் கையெழுத்திட வேண்டும். கடிதத்தைச் செயலாளர் வரைவார்.

திங்கட்கிழமை காலை தடயம் விடுவிக்கப்பட்டது. முப்பத்திரண்டு வல்லுநர்களும் தாங்கியைச் சுற்றி நின்று மேற்பார்வை செய்தார்கள். வீரையா 03இன் அடித்துண்டைக் கழற்றி, வேப்பங்கட்டை ஒன்றைச் சீவி, டியூப்பைச் சுற்றி, அதன்மேல் யூலிற்றா கொடுத்த வலை நூலை வரிந்து இறுக்கமாக அடித்து அடைத்தார். மற்ற மூன்று குழாய்களையும் திறந்து, பழைய செருப்பொன்றில் வட்டம் வெட்டி வாசர் மாற்றினார். எல்லாம் அரை மணித்தியாலம். பவுசர் வந்து நிரப்பியது. மூன்று குழாயிலும் ஒரு சொட்டு வீணாகவில்லை. வாய்க்காலில் மறுபடி தண்ணீர் ஓடியது.

பின்னேரம் செல்வநாயகத்தார் மன்னிப்புக் கடிதத்தோடு கொட்டிலுக்குப் போனார். நல்ல கடிதம். மூன்று பந்தி. நாவற்பழ முத்திரை குத்தியிருந்தது.

வீரையா கையை இடுப்புச் சாரத்தில் துடைத்தார். "எங்கங்க கையெழுத்து வைக்கணும்?"

கமலேஸ்வரி பாத்திக்குள்ளிருந்து எழும்பி வந்து தாளை வாங்கினா. ஒவ்வொரு வரியாக, வாய்க்குள் சொல்லி வாசித்தா. செல்வநாயகத்தாருக்கு அந்த மூன்று பந்தியும் அவ்வளவு நீளமென்று முன்னர் தெரிந்திருக்கவில்லை.

"'என்னால் உடைக்கப்பட்ட'ன்னு போட்டிருக்கீங்க," என்றா.

"அது ஒரு சம்பிரதாயத்துக்கு, பிள்ளை. வேலை நிக்க வேணுமெல்லே. கொட்டில், பாத்தி..."

கமலேஸ்வரி தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"நான் சொன்னனான்தானே?" என்றார் செல்வநாயகத்தார். "நீயும் அங்க நிண்டனீ. சபைக்கு முன்னால எழும்பி, நான்தான் முறிச்சனான் எண்டு வாய்விட்டுச் சொன்னனான். அவையள் நம்பேல்லை. மாஸ்டரைக் கேட்டன், தலைவரைக் கேட்டன், ஒருத்தரும் ஒரு மறுமொழி சொல்லேல்லை. நீயாவது சொல்லு கமலேஸ்வரி. இதுக்கு மேல நான் என்ன செய்திருக்கலாம்?"

அவ அவருடைய முகத்தை நேராகப் பார்த்தா. கோபமில்லை. கன்றுக்குத் தண்ணீர் விட்ட அதே நிதானம்.

"கை தட்டினதும் உக்காந்துட்டீங்களே ஐயா," என்றா. "இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம்."